ஒரே விலை

பன்னிரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.
இந்தத் தொகைக்கு வேலூரில் இரண்டு கார்கள் இருந்தன.
ஒன்று புதிது, சீட்டில் பிளாஸ்டிக் உறை பிரிக்காதது.
மற்றது ஜெர்மன்காரன் செய்தது, ஒன்பது வயது,
மேல்விஷாரத்தில் ஒரு தோல் ஷெட்டுக்குப் பின்னால்
தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது.

குணாளன் ஒரு மாதமாய்
ரசம் சாதம் பிசைந்தபடி
அதன் குதிரைத்திறன் சொல்லிக்கொண்டிருந்தான்.
நான் ரத்தம் பார்க்கும் லேபில் வேலை செய்கிறவள்.
எதையும் இரண்டு குழாயில் ஊற்றி
ஒரே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் நம்புவேன்.

சனிக்கிழமை காலை, காட்பாடி ஷோரூம்.
ஜெபசெல்வி என்ற பெண் சாவி தந்தாள்.
கதவைச் சாத்தினேன்:
டிபன் பாக்ஸ் மூடின சத்தம்.
பத்து மணிக்கே வேலூர் வெயில்;
ஏசி முதலில் சூடாய் மூச்சுவிட்டது,
விருதம்பட்டு வரும்போது மனம் இளகியது.
பாலாற்றுப் பாலத்தில் ஒரு லாரி
எங்கள் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஆரன் அடித்தது.
'மைலேஜ் இருபது!'
'எவ்வளவு?'
'இருபதுடீ!'
'டிக்கியில எங்கக்கா பசங்க சைக்கிள் போகுமா?'
'உங்கக்கா பசங்களே போவாங்க!'
தொண்டை கட்டும் அளவுக்குச் சிரித்தோம்.

இறங்கும்போது ஜெபசெல்வி
பின்சீட்டின் இடுக்கில் விரலை நுழைத்துக் காட்டினாள்:
'குழந்தை சீட் மாட்டுற கொக்கி, ரெண்டு பக்கமும் இருக்கு மேடம்.'
குணாளன் உடனே ஸ்டெப்னி பற்றிக் கேட்டான்.

மாலை, மேல்விஷாரம்.
இம்தியாஸ் அகமது தார்ப்பாயை உரித்தார்.
அத்தா வாங்கினதாம்.
வெளிநாட்டு பையர் வந்தால் மட்டும் எடுப்பாராம்;
இப்போது பையர்
வீடியோவிலேயே தோலைத் தடவிப் பார்த்துக்கொள்கிறானாம்.
சீட்டைத் தொட்டேன்.
'அது நம்ம தோல் இல்லை' என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

இந்தக் கதவு சாத்தவில்லை,
சம்மதித்தது.
ஷெட் நாற்றம் கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டது.
பெங்களூர் ஹைவேயில்
லாரிகள் தொட்டி மீன்கள்போல் வாயசைத்துப் போயின.
நூற்றுப்பத்து என்றது முள்.
நான் நாற்பது என்று நினைத்திருந்தேன்.
அப்போதுதான் கேட்டேன்,
குணாளன் மூக்கில் ஒரு சின்ன விசில்.
இந்த வண்டிக்கு எத்தனை வயதோ
அத்தனை வருஷமாய்ப் பக்கத்தில் படுக்கிறவன்.

ஆற்காடு தாண்டியது.
பேச ஒரு தடையும் இல்லாத வண்டி.
வாலாஜா டோல் வரைக்கும்
இருவரும் எதையும் எடுக்கவில்லை:
இந்தப் பணம் முதலில் எதற்குச் சேர்த்தது என்பதை,
நான்காவது முறையும் டாக்டரம்மா
பேனாவை மூடிவைத்த விதத்தை.
டோலுக்கு முன் வண்டியைத் திருப்பினான்.
'ரொம்ப அமைதியா இருக்குல்ல' என்றான்.
'ஆமா' என்றேன்.
விசில் கொஞ்ச நேரம் நின்று
பிறகு வந்தது.

சத்துவாச்சாரி மெக்கானிக் தேவேந்திரனிடம் கேட்டோம்.
'முன்விளக்கு ஒண்ணு போச்சுன்னா
உங்க மூணு மாச சம்பளம், மேடம்.
ரெண்டு கண்ணு இருக்கு வண்டிக்கு.'
குணாளன் பிடித்துக்கொள்ள
இந்தக் காரணம் போதுமாயிருந்தது.
எனக்கும்.
அதற்குமேல் நாங்கள் நோண்டவில்லை.

புது வண்டி வந்து பதினோரு நாள்.
எலுமிச்சம்பழம் நசுக்கிய கறை
இடது டயரில் இன்னும் இருக்கிறது.
கொக்கியை நான் இதுவரை தொடவில்லை,
ஆனால் பின்சீட்டைத் துடைக்கும் துணி
அந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறது.

இன்று பாலத்தின் நடுவில்
முன்னால் ஒரு ஆந்திரா பஸ், பின்னால் ஜல்லி லாரி.
ரோட்டிலிருந்து கண்ணெடுக்காமல்
அவன் ஏதோ சொன்னான்.
உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.
'என்ன?' என்று கத்தினேன்.
பஸ் போகட்டும் என்று காத்திருக்காமல்
திரும்பச் சொன்னான்.
'என்னது?'
மூன்றாம் முறை கழுத்து நரம்பு புடைக்க,
'டயர்ல காத்து கம்மியா இருக்குடீ!'
என்றான்.