சனிக்கிழமை, சன்னி

சன்னி என்று எழுதினால் காய்ச்சல்,
சனி என்று எழுதினால் கிரகம்.
நிசான்காரன் என்ன நினைத்துப் பெயர் வைத்தானோ,
என் காருக்கு இரண்டும் பொருந்தும்.

போன மாதம் பம்பலப்பிட்டிச் சந்திப் பள்ளத்தில்
மூன்றடுக்குக் கேக் ஒன்று
மணப்பெண்ணுக்கு முன்பே தலைகுனிந்தது.
முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
ஐசிங்கை மூன்று நாள் தின்றேன்.

கிருலப்பனை கராஜ்காரர் கேட்ட கூலிக்கு
இன்னொரு அவன் வாங்கலாம்
(அடுப்பைச் சொல்கிறேன்).

ஆகவே பஞ்சிகாவத்தை.
எண்ணெய் படிந்த கடைவாசல்களில்
நானும் நஸ்மிலும்.
கீழ்மாடிப் பையன்; பகலில் நகைக்கடைக் கணக்கு,
இரவில் போனில்
யாரோ ஜப்பான்காரர் கார் கழற்றுவதைப் பார்ப்பவன்.
நான் கேட்டது மெத்தென்று ஒன்று.
அவன் கண் போனது மஞ்சள் ஸ்பிரிங்கில்.
"அக்கா, இதுல இறுக்கத்தக் கூட்டவும் ஏலும்,
குறைக்கவும் ஏலும்."
"எனக்குக் குறைத்தால் போதும்."
"அதுவும் இதுல ஈக்கி."

சனி காலை. ஜக். நான்கு தாங்கிகள்.
பின்சில்லுக்குக் கல்.
கடல் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி;
இருபத்தைந்து வருடமாக உப்பு வந்து
நட்டுகளுக்குள் குடியிருக்கிறது,
வாடகை இல்லை, எழும்பவும் மாட்டாது.
எண்ணெய் விட்டோம். தேநீர் குடித்தோம். மறுபடி விட்டோம்.
ஸ்பானர் பிடியில் இரும்புக் குழாயைச் செருகி
இரண்டு பேரும் தொங்கினோம்.
டக்.
எலும்பு என்றே நினைத்தேன்.
நட்டுத்தான்.

பழைய சொக்கின் மேல்தட்டு புதியதற்கும் வேண்டும்.
எனவே ஸ்பிரிங்கை நசுக்க வேண்டும்:
இந்தக் கொக்கியில் அரைச்சுற்று,
அந்தக் கொக்கியில் அரைச்சுற்று.
மூச்சுவிடவும் முறை பார்த்தோம்.
கை தவறினால் கூரையைத் துளைத்துக்கொண்டு போகும்
என்றான் நஸ்மில்.
கூரைக்கு மேலே மிஸ்ஸிஸ் ரூபசிங்க,
குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

நினைத்த மாத்திரத்தில் படியிறங்கி வந்தார்.
இது வாகனம் நிறுத்துமிடம், கராஜ் இல்லை.
ஒரு சொட்டு எண்ணெய் தரையில் கண்டால் ஐயாயிரம்.
மேலே போனார்.
திரும்பி வந்தார், கைநிறையப் பழைய சிங்களப் பத்திரிகைகளோடு.
உதவியா எச்சரிக்கையா, கேட்கவில்லை.
விரித்தோம்.
யாரோ ஒரு அமைச்சரின் சிரிப்பின் மேல்
என் காரின் கருகிய ரப்பர் புஷ்,
முந்தாநாள் உளுந்துவடை மாதிரி.

மதியம் மழை. வலது பக்கம் முடிந்தது.
பின்னேரம் கரண்ட் போனது. இடது பக்கம்
டோர்ச் என் பல்லுக்கிடையில்.

சோதனைக்கு நஸ்மிலின் உம்மா
கண்ணாடிக் கிண்ணத்தில் வட்டிலப்பம் தந்தார்.
முன்சீற்றில் வைத்துப் பெல்ட்டும் போட்டோம்.
ஒழுங்கை முனை வடிகால் மூடி: நடுங்கியது, நிமிர்ந்தது.
காலி வீதி: மின்சாரசபை ஒருமுறை,
நீர்சபை ஒருமுறை,
பிறகு யாரென்றே தெரியாத ஒருவர்
தோண்டித் தைத்த தையல்கள் எல்லாவற்றையும்
என் முதுகெலும்பு ஒரு வரி விடாமல் வாசித்தது.
"இது குறைத்ததா?"
"கொஞ்சம் கூடிட்டு போல, அக்கா."

ஆனாலும் வட்டிலப்பம் வெடிக்கவில்லை.
மெரின் டிரைவில், ரயில் பாதை ஓரமாக நிறுத்தி
ஒரே கரண்டியால்
சாட்சியத்தைத் தின்றோம்.

கை துடைக்கத் துணி தேடினேன்.
சட்டைப்பையில் ஒரு வாஷர்.
பளபளவென்று, புத்தம் புதிது.
அவன் பார்த்தான். நான் பார்த்தேன்.
"மேலதிகமா ஒண்டு போட்டிருப்பான்," என்றான்
கடலைப் பார்த்தபடி.

திரும்பும்போது, இடது முன்பக்கம்:
டொக்.
பாட்டுப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினான்.
நான் குறைத்தேன்.
டொக்.

திங்கட்கிழமை தெஹிவளையில் ஒரு பிறந்தநாள்.
இரண்டடுக்கு, மேலே சீனியில் செய்த யானை.
நாளை ஞாயிறு.
ஜக்கை இன்னும் டிக்கியிலிருந்து இறக்கவில்லை.