நட்சத்திரக் குறியிடப்படாத வினா

சின்னத்துறை பங்குக் கூட்டத்தில்
டியூப்லைட் வாங்கிய கணக்கில்
இருபத்தேழு ரூபாய் இடித்தபோது
ஜெபம் சொல்லி முடிக்கவிடாமல் எழுந்து நின்றவள்
புளோரன்சியாள்.
பங்குத்தந்தை தன் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.
வாங்கவில்லை.
"ரூபா வேண்டாம் ஃபாதர், அது போன வழி சொல்லுங்க."

அதே வழக்கத்தில்தான் இதையும் கேட்டாள்.

எங்கோ ஒரு தீவில், குளிரூட்டிய மண்டபத்தில்
மூன்று நாள் கூடியது பன்னாட்டு மீன் ஆணையம்.
இன்ன சுறாவை இனி ஏற்றக்கூடாது
இன்ன சூரையில் இத்தனை டன்தான்
என்று முடிவெடுத்துக் கலைந்தது.
எங்களுக்குத் தெரிந்தது
தேங்காய்ப்பட்டணத்தில் ஏலக்காரர்
தராசைக் கவிழ்த்துவைத்த காலையில்.

சுறா அழிந்தாலும் பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை.
சினைச் சுறாவை வயிறு தடவிப் பார்த்து
கடலில் விட்டவர்கள் உண்டு.
விடாதவர்களும் உண்டு, அவள் வீட்டுக்காரன் உட்பட.
அவள் கேட்டது வேறு:
அந்த மண்டபத்தில் நமக்கென்று கிடந்த நாற்காலியில்
உட்கார்ந்தது யார்?
கையைத் தூக்கினாரா, மடியில் வைத்திருந்தாரா?
அதற்கு முன் யாரிடம் கேட்டார்?

மனுவைத் தட்டச்சு செய்தது நான், என் ஜெராக்ஸ் கடையில்.
பிழைகள் என்னுடையவை.
கேள்விகளில் ஒன்றையும் நான் தொடவில்லை.

நாகர்கோவிலில் எம்.பி. அலுவலகம்.
மார்த்தாண்டத்திலிருந்து நின்றுகொண்டே போனாள்.
உதவியாளர் தங்கபெனடிக்ட் நல்ல மனிதர்.
"அது நம்ம நாடாளுமன்றத்துக்குக் கட்டுப்பட்டது இல்லக்கா,
பல நாடு சேர்ந்த அமைப்பு."
"அங்க போனவரு நம்ம வரியிலதானே போனாரு?"
அவர் பேனாவைத் திறந்தார்.

ஐந்து மாதம்.
இடையில் இரண்டு புயல் எச்சரிக்கை, ஒரு திருவிழா,
மகளுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியது.
பிறகு வந்தது பதில். தாளின் தலையில்
'நட்சத்திரக் குறியிடப்படாத வினா.'

அதென்ன என்றாள். கேட்டுத் தெரிந்துவந்து சொன்னேன்:
நட்சத்திரம் போட்ட கேள்விக்கு
அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்லணும்,
மடக்கி இன்னொன்று கேட்கலாம்.
போடாததற்குத் தாள் மட்டும்.
எது முன்னால் வரும் என்பதற்குக் குலுக்கல்.

குலுக்கல் அவளுக்குத் தெரியும், சீட்டு நடத்தியவள்.
வெள்ளி பார்த்து வழி பிடிக்கிறவன் வீட்டில்
இருபது வருடம் இருக்கிறாள்.
குருசு வெள்ளி மறைந்த இரவில்
படகு எந்தப் பக்கமும் போகும் என்பதும் தெரியும்.

பதில் இரண்டே வரி.
(அ) முதல் (ஈ) வரை: இந்தியத் தூதுக்குழு கலந்துகொண்டது.
நாட்டின் நலன் உரிய முறையில் எடுத்துரைக்கப்பட்டது.

எடுத்துரைக்கப்பட்டது.
அந்தச் சொல்லை வெளிச்சத்தில் பிடித்து
செவுள் விரித்துப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
உள்ளே ஆளில்லை.

இரவு சாட்டிலைட் போனில் கிளீட்டஸ்.
"பதில் வந்துதா?"
"வந்துது."
"வாசி."
நிமிடத்துக்குக் காசு. வேகமாக வாசித்தாள்.
"ஆரு பேசினதாம்?"
"அது எழுதல்ல."
கொஞ்ச நேரம் எஞ்சின் இரைச்சல் மட்டும்.
"அப்போ இன்னொண்ணு எழுது."

இன்று காலை கொண்டுவந்தாள்,
காலண்டர் தாளின் பின்பக்கம், பென்சிலில்.
விலாசத்துக்கும் மேலே
அவளே ஒரு வெள்ளி வரைந்திருக்கிறாள். ஐந்து முனை,
ஒன்று கொஞ்சம் நீண்டுவிட்டது.
"இது செல்லாதுக்கா" என்றேன்.
"செல்லாதுன்னு எழுதித் தரட்டும்," என்றாள்,
"அடியில பேரு போட்டு."