செல்லாத பெயர்

வெட்டாற்று மதகில், ஆனி மாதம்,
புதுத்தண்ணீரோடு வந்தது.
அயிரை மாதிரி. ஆனால் அயிரை இல்லை.
லஸ்கர் பக்கிரிசாமி கொசுவலையில் அள்ளி
டீ டம்ளரில் விட்டுக் கொடுத்தார்.

இரண்டு வருஷம் அதைப் படித்தேன்.
மீசை ஆறு. முதுகுத் துடுப்பில் கதிர் எட்டு.
வாலடியில் ஒரு கரும்புள்ளி,
இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் கலைந்து.
ஸ்பிரிட்டில் நிறம் போய்விடும் என்பதால்
உயிரோடு இருந்தபோதே எழுதிவைத்தேன்:
நனைந்த வைக்கோல்.

பெயருக்குப் பின்னால் ஓர் இகரம் சேர்த்தால்
லத்தீனில் ‘அவருடையது’ என்று பொருள்.
சேர்த்தேன். அச்சில் வந்தது.
மதகுக் கொட்டகையில், மின்கட்டண அட்டைக்குப் பக்கத்தில்
அந்தத் தாளை ஒட்டிவைத்திருந்தார்.

பிறகு ஒரு கடிதம்.
ஏதோ குளிர்தேசத்து அருங்காட்சியகம், நிலவறை,
தரங்கம்பாடியில் கப்பலேறிய ஜாடி.
அதே ஆறு மீசை. அதே எட்டுக் கதிர்.
உயிரோடு கடல் பாராத மீனுக்கு
இருநூறு வருஷம் முன்பே பெயர் இருக்கிறது.
விதி எளிது: முந்தியது செல்லும்.

சொல்லத்தானே வேண்டும். போனேன்.
“அப்ப எம் பேரு?”
இருக்கும். அழிக்கமாட்டார்கள்.
பழைய பெயருக்குக் கீழே, உள்தள்ளி, சின்ன எழுத்தில்.
“கூட்டுப் பட்டாவுல நாலாவது பேரு மாதிரி”
என்றபடி ஷட்டர் கைப்பிடியைப் பிடித்தார்.

முறைப்பாசனம். மேலவாய்க்காலுக்கு நாலு மணிவரை.
இரும்பு முனகி ஒரு சாண் உயர்ந்தது.
குனிந்து, விரலை நீட்டினார்:
“தோ போவுது பாருங்க, என்னுது.”

கலங்கல். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.