கழிவு

மண்டி நோட்டில் ஐந்து பத்திகள்:
பெயர், மூட்டை, எடை, கழிவு, பாக்கி.
நான்காவது பத்தியில்தான்
பதினோரு வருடமாக என் சம்பளம் இருந்தது.

கல்மேட்டுப்பாக்கம் பூங்காவனம்.
வெண்டை, நாலு மூட்டை.
ஓடை வரைக்கும் தலைச்சுமை,
ஓடை தாண்டித் தேசப்பனின் மொபெட்,
நெடுஞ்சாலையில் எது நின்றதோ அது.
கோயம்பேட்டுக்குள் நுழையும்போது ஏழு மணி.
ஏலக்குரல்கள் அடங்கி
முட்டைகோஸ் இலைகளைக் கூட்டிக்கொண்டிருப்பார்கள்.

"வழி மோசம்மா, காய் கறுத்துப்போச்சு"
என்று சொல்லி எட்டுக் கிலோ எழுதுவேன்.
நாலு கிலோ நிஜம்.
மற்ற நாலு, முதலாளி.
அவள் நம்பினாள்.
முழங்கால் வரைக்கும் சேறு
எனக்குச் சாட்சி சொன்னது.

தை மாதம் தார் போட்டார்களாம்.
எனக்குச் சாக்கு வழியாகத்தான் தெரிந்தது.
அடியில் ஒரு கறுப்புப் பொட்டு;
விரலில் ஒட்டியது
சோப்புக்கும் போகவில்லை.

இரவு இரண்டேகால்.
குட்டியானை வண்டியில் ஆறு வீட்டு மூட்டைகள்,
வாடகை ஆறு பங்கு.
ஒரு காயின் நுனியை ஒடித்துப் பார்த்தேன்.
டக்கென்றது.
பழக்கத்தில் பேனா நான்காம் பத்திக்குப் போக
"வழி…" என்று ஆரம்பித்தேன்.
"வழிக்கு என்ன?" என்றாள்.

அதற்குமேல் எனக்கு வசனம் இல்லை.

"செங்குன்றத்துல கிலோவுக்கு ரெண்டு ரூபா கூட.
வண்டி இன்னும் திரும்பல, சொல்லு."
முதலாளி எழுந்து வந்தார்.
அவர் எழுந்து வந்து நான் பார்த்ததில்லை.

பங்குனியில் முன்பணத்தை அடைத்தாள்,
எல்லாம் ஐம்பதும் நூறுமாக,
தானே இரண்டு தரம் எண்ணி.
பழைய நோட்டைக் காட்டு என்று கேட்பாளோ எனப் பயந்தேன்.
கேட்கவில்லை.
எட்டு மணிக்கு ஏரிக்கரையில்
நூறு நாள் வேலைக்குக் கையெழுத்துப் போடணும்,
அவசரம்.

அதே சாலையோரம்
மஞ்சள் கல் நடுகிறார்கள் என்றான் டிரைவர்.
சதுர அடி விலை கேட்டு
கார்கள் வருகின்றனவாம்.
காரில் வருகிறவர்கள்
வெண்டை விலை கேட்பதில்லை.
அதற்கு எந்த நோட்டில் பத்தி போடுவது,
தெரியவில்லை.

முதலாளி இப்போது என் சம்பளத்தில்
கழிவு எழுதுகிறார்.
வழியைக் காரணம் சொல்ல முடியாது.
என் வீடு நெற்குன்றத்தில்,
நடந்தால் அரை மணி.