பிடித்தம்

மூன்றாம் ஆண்டில் எண்களை மாற்றினார்கள்.
ராவெல்லாம் கண்விழித்து ஏற்றிவைத்த
முந்நூற்று இரண்டு, நூற்று மூன்றாகிவிட்டது.
நானூற்று இருபது, முந்நூற்றுப் பதினெட்டு.
சேதி இன்னும் ஐந்து ரோட்டுக்கு வந்து சேரவில்லை.
மீதிச் சில்லறை தராத கண்டக்டரைப் பார்த்து
ஒருவர் கத்துகிறார்:
"சரியான ஃபோர்ட்வென்டிய்யா நீ!"
திருத்தலாமா என்று யோசித்தேன்.
அதற்குள் அஸ்தம்பட்டி வந்துவிட்டது.

பகலில் சட்டம். இரவில் கொலுசு.
செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடை ஒன்று
இணையத்தில் விற்க வர்ணனை கேட்டிருந்தது,
சொல்லுக்கு நாற்பது காசு.
மென்மையான, மனங்கவரும், பாரம்பரிய.
அடைமொழிகள் தீராதவரை
மெஸ் கட்டணத்துக்குப் பயமில்லை.
யார் காலென்றே தெரியாமல்
நூற்றுப் பன்னிரண்டு கொலுசு எழுதினேன்.

திரையின் மறு பாதியில் நாடாளுமன்றம்.
ஒலியைக் குறைத்துவைத்திருப்பேன்.
வாய்கள் திறக்கும், மூடும்,
மேசை தட்டும் கைகளில் மட்டும் ஒரே தாளம்.
எழுபத்தாறாவது கொலுசின் திருகாணியில் நான் இருந்தபோது
குரல் வாக்கெடுப்பு முடிந்தது.
ஆம் என்றார்கள். இல்லை என்றார்கள்.
ஆம் என்பவர்களே அதிகம் என்றது மேலிருந்து ஒரு குரல்.
யாரும் எண்ணவில்லை.
எண்ணிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்,
சொல் சொல்லாக.

"கொலுசைத் தூக்கிப் போட்டுட்டு இதை எழுதேன்டி"
என்றாள் அறைத்தோழி தில்ஷாத்.
எழுதினேன்.
ஈரோட்டு மாதப் பத்திரிகை ஆசிரியர்
போனில் வந்தார்.
"நல்லாருக்கும்மா. 'ஆனால்'தான் கொஞ்சம் ஜாஸ்தி."
பதினான்கு 'ஆனால்' வைத்திருந்தேன்.
அச்சில் மூன்று இருந்தன,
மூன்றும் எதையும் மறுக்காத இடங்களில்.
கீழே என் பெயர், இரா. செம்மலர்,
ஒரு புள்ளி அதிகமாக.

ஆத்தூர் ஜவ்வரிசி மில்லில்
கிழங்கு லாரிக்கு எடை போடுகிறவர் அப்பா.
பத்திரிகையை உள்ளங்கையில் வைத்து
மேலும் கீழும் அசைத்துப் பார்த்து
"எவ்வளவு வரும்?" என்றார்.
அறுநூறு என்றேன்.

வந்தது ஐந்நூற்று நாற்பது.
"டிடிஎஸ்மா. பத்து சதவீதம். அரசாங்கத்துக்கு."

இத்தனை வருஷம்
நான் வைத்த கண் வாங்காமல் பார்த்த டில்லி
முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்ததுபோல் இருந்தது.
அரை நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது.
அப்புறம்தான் உள்ளே சட்டம் படிக்கிறவள் எழுந்து உட்கார்ந்தாள்.
இந்தத் தொகைக்குப் பிடித்தமே கிடையாதே!
அதற்கொரு வரம்பு உண்டு,
அதன் வாசற்படியைக்கூட நான் மிதித்ததில்லை.
என் அறுபது ரூபாய்
டில்லிக்குப் புறப்படவே இல்லை.
காவிரிப் பாலத்தைக்கூடத் தாண்டியிருக்காது.

அன்றிரவு கொலுசு இல்லை.
தட்டுவடை செட் காகிதத்தில் எண்ணெய் பரவிக்கொண்டிருக்க
சன்னலுக்கு வெளியே ஏற்காட்டு மலையில்
ஏதோ ஒரு வண்டி ஏறிக்கொண்டிருந்தது;
கொண்டையூசி வளைவுதோறும் விளக்கு தொலைந்து,
எதிர்பாராத பக்கத்திலிருந்து திரும்பி வந்தது.

'ஐயா' என்று தொடங்கினேன்.
மென்மையான இல்லை. மனங்கவரும் இல்லை.
பிரிவு, உட்பிரிவு, தேதி, தொகை.
எந்தக் கணக்கில், எந்த நாளில் செலுத்தினீர்கள்,
சான்றிதழ் எங்கே?
வெட்டுப்பட்ட பதினொரு 'ஆனால்'களில்
மூன்றுக்கு இங்கே இடம் கிடைத்தது.
இவ்வளவு நேராக
ஒரு வாக்கியம்கூட நான் இதுவரை எழுதியதில்லை.

தில்ஷாத் தோளுக்கு மேலே எட்டி எண்ணினாள்.
"நூத்தம்பது சொல்லு.
உன் ரேட்டுக்கு இதுவே அறுபது ரூபாடி.
கணக்கு நேராயிடுச்சு, விட்டுடு."

சிரித்தேன்.
அனுப்புவதற்கு முன்
இன்னும் ஒரு 'ஆனால்' சேர்த்தேன்,
அதற்குக் காசு கிடையாது.