ஒன்பதாவது கால்

பல் கிளினிக்குக்கு வாங்கிய வளைய ஃபிளாஷ் இது.
பகலில் கடைவாய்ச் சொத்தைகளுக்கு,
விடிகாலையில் எனக்கு.
டாக்டர் எதேரிக்குத் தெரியும், கேட்பதில்லை.
ஒருமுறை மட்டும்
அதன் கண்ணாடியில் ஒட்டியிருந்த சிறகுத் துகளை
ஊதித் தள்ளிவிட்டு
அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

குத்தாய்சியில் மே மாதம்.
வெள்ளைப் பாறைகளுக்கிடையே ரியோனி
இரவெல்லாம் யாரோ பாத்திரம் கழுவுவதுபோல் ஓடுகிறது.
நான்காம் மாடி பால்கனிவரை
கம்பியைப் பிடித்து ஏறிவந்த திராட்சைக் கொடி.
மூன்றாவது இலையில்
குளிரில் விறைத்து உட்கார்ந்திருக்கிறான்.
என் சுண்டுவிரல் நகம்தான் மொத்த ஆளும்.
முதுகில் மிளகாய்ப்பழச் சிவப்பு,
நடுவே கறுப்பு வகிடு.
முகத்தில் நான்கு கண்கள் என்னை நோக்கி,
மிச்சம் நான்கு ஊரைக் காவல் காக்க.
மடித்துவைத்த கோரைப்பல் இரண்டு.
சொத்தை இல்லை.

பழைய ரஷ்ய லென்ஸைக் கவிழ்த்து மாட்டியிருக்கிறேன்.
மலையைப் பார்க்கச் செய்தது;
தலைகீழானால் மயிர்க்காலைப் பார்க்கிறது.
தெளிவு ஒரு தாளின் கனம்தான்.
கண் தெளிந்தால் கால் புகை,
கால் தெளிந்தால் கண் புகை.
அதனால் நாற்பது படம்,
ஒவ்வொன்றுக்கும் திருகை எள்ளளவு நகர்த்தி.
அப்புறம் கணினியில் அடுக்கி
ஓர் உடம்பாக்க வேண்டும்.

முழங்காலில் சிமெண்ட் குத்துகிறது.
மூச்சை முழுக்க விட்டு,
திரும்ப இழுக்கும் முன்
அந்தக் காலியிடத்தில் ஒரு படம்.
வேலையில் இதைத்தான் பிறரிடம் சொல்கிறேன்:
அசையாதீர்கள், விழுங்காதீர்கள், இதோ முடிந்தது.
ஒருநாளும் முடிந்திருந்ததில்லை.

இருபத்து மூன்றில்
வெயில் இலையின் ஓரத்தைத் தொட்டது.
அவன் இடது முன்காலைத் தூக்கினான்.
யாருக்கோ வணக்கம் சொல்வதுபோல்,
அல்லது நில் என்பதுபோல்.
தூக்கிய காலை இறக்கவே இல்லை.
பாழ் என்று தெரிந்தும்
நாற்பதையும் எடுத்து முடித்தேன்.

ராத்திரி
கணினி தன் கடமையைச் செய்தது.
ஊன்றிய காலையும் விடவில்லை, தூக்கிய காலையும் விடவில்லை.
ஒன்பது கால்.
அழிப்பதற்கு முன், பழக்கதோஷம்,
பெரிய கண்ணை இழுத்துப் பெரிதாக்கினேன்.
நடுவில் ஃபிளாஷின் வெள்ளை மோதிரம்.
அதைச் சுற்றி வளைந்த வானம்,
வளைந்த கொடிக்கயிறு, என் காலுறைகள்,
குனிந்த ஓர் இருட்டு: நான்.
எனக்குப் பின்னால்
இன்னோர் இருட்டு.

பக்கத்து பால்கனி அம்ப்ரோசி.
சிலந்தி என்றால் வசைபாடுகிறவர்.
சனிக்கிழமைதோறும்
எலுமிச்சை மணக்கும் மருந்தைக்
கொடி முழுக்க அடிக்கிறவர்.
நேற்று சனிக்கிழமை.

ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்தேன்.
முதலாவதில் இல்லை.
ஏழில் வந்துவிட்டார்.
பதினைந்தில் கை நீண்டிருக்கிறது, என் தோளுக்கு மேலே,
நுனியில் டப்பா.
பதினெட்டில் அப்படியே.
இருபதில் அப்படியே.
இருபத்து மூன்றில்
இங்கே கால் உயர்ந்திருக்கிறது,
அங்கே கை இறங்கியிருக்கிறது.
நாற்பதிலும் நிற்கிறார்.

அவ்வளவு நேரமும்
அந்தப் பால்கனியில் ஒரு செருப்புச் சத்தம்கூட
எனக்குக் கேட்கவில்லை.

மறுநாள் மாலை கம்பிக்கு அந்தப்பக்கமிருந்து கேட்டார்:
"எலுமிச்சை வாடை உனக்கு ஆகாதோ?"
"தும்மல் வரும்" என்றேன்.
இதுவரை வந்ததில்லை.
"அப்படியானால் சரி" என்று
உள்ளே போய்விட்டார்.

இன்று விடிகாலை.
ஃபிளாஷை இன்னும் பூட்டவில்லை.
மூன்றாவது இலையில் பனித்துளி மட்டும்.
அடுத்த இலை, அதற்கடுத்த இலை,
தண்டின் முடிச்சு, கம்பியின் துரு.

"கீழே, ஓட்டை விழுந்த இலையில்"
என்றார் அம்ப்ரோசி,
பனியனோடு,
எக்ஸ்ரேக்கு உட்கார்ந்தவர்போல
உதடு அசையாமல்.