காலியிடம்: 1

காலை எட்டு ஐம்பது.
கிளிமெண்டியில் மழை. ரயில் தாமதமாம்.
மாணவர் உதவி மேசையில் நானும்
ஆறிப்போன கோப்பியும்
ஒரு காதில் மட்டும் பேசும் ஹெட்செட்டும்.
ஒன்பதுக்குத் திறக்கும் பதிவுத் தளம்.
பந்திக்கு முந்து என்று சொல்லிப் போனவர்கள்
திரை நடுவே சுற்றிக்கொண்டே இருக்கும்
இந்தச் சின்ன வட்டத்தைப் பார்த்ததில்லை.

முதல் அழைப்பு ஹாங் ஜியே. முதலாண்டு.
ஐந்து பாடமும் கூடையில் இருக்கிறதாம்,
எல்லாம் கிடைத்துவிட்டதாம்.
இல்லை, ஹாங் ஜியே.
கூடை என்பது உன் ஆசை, அவ்வளவுதான்.
உணவங்காடியில் ஒரு டிஷ்யூ பொட்டலம் வைத்தால்
அந்த மேசையை ஊரே மதிக்கும்.
இந்தத் தளம் மதிக்காது.
பச்சைப் பொத்தானை அழுத்து.
அழுத்தியதும் ஒரு மின்னஞ்சல் வரும், அதைப் படி.
வரவில்லை என்றால்
நீ இன்னும் தட்டை ஏந்தி
நின்றுகொண்டிருக்கிறாய் என்று அர்த்தம்.

அடுத்து சுஹைலா.
செவ்வாய் இரண்டு மணிக்கு ஓர் ஆய்வுக்கூடம்,
அதே இரண்டு மணிக்கு ஒரு டுட்டோரியல்,
நடுவே கால் மணி நேரப் பேருந்து.
பழைய குழுவை விட்டுவிட்டுப் புதியதைத் தேடாதே,
இரண்டும் போய்விடும்.
'மாற்று' என்று தனியே ஒரு பொத்தான் உண்டு.
கீழே. இன்னும் கீழே.
யாரும் கண்டுவிடக் கூடாதென்றே வைத்ததுபோல்
சாம்பல் நிறத்தில்.
"ஓ," என்றாள். அந்த ஒற்றை எழுத்துக்காகத்தான்
இந்த வேலைக்கு நான் வருகிறேன் என்று நினைக்கிறேன்,
மணிக்குப் பன்னிரண்டு வெள்ளிக்கும்தான்.

பெயர் சொல்லாத ஒருவன்.
சிவப்பில் வந்திருக்கிறது அவனுக்கு:
முன்தகுதி நிறைவாகவில்லை.
ஒரு முறை வாசித்தான். மறுபடி வாசித்தான்.
பிறகு பேச்சில்லை.
எங்கோ மின்விசிறி ஓடும் சத்தம்.
நான் சொன்னேன்:
அந்த வரி உன்னைப் பற்றியது அல்ல.
பாலிடெக்னிக்கில் நீ படித்த புள்ளியியலை
இங்கே யாரோ இன்னும் பதிவேற்றவில்லை.
மதிப்பெண் சான்றிதழை இணைத்துத்
துறைக்கு எழுது. மூன்று வரி போதும்.
மன்னிப்புக் கேட்டுத் தொடங்காதே.

பதினொன்றேகால். அழைப்புகள் ஓய்ந்த நேரம்
என் பக்கத்தைத் திறந்தேன்.
கடற்புல்வெளிகள்: ஓர் அறிமுகம்.
வியாழன் மாலை ஆறு முதல் ஒன்பது.
நீர் வற்றும் நாட்களில் உபின் தீவில் களவகுப்பு.
முதல் சுற்றிலேயே கிடைத்தது எனக்கு.
இரண்டு மாதமாகக் காலணி வாங்குவதைப் பற்றிக்கூட
யோசித்து வைத்திருந்தேன், சேற்றில் நடக்க.
ஆனால் வியாழன் மாலைதான்
உட்லண்ட்ஸில் அந்த இரட்டையருக்குக் கணக்கு,
என் விடுதி வாடகையில் பாதி
அவர்களுடைய பின்னங்களில் இருக்கிறது.

'கைவிடு' என்பதை அழுத்தினேன்.
உறுதியா என்றது.
மீண்டும் உறுதியா என்றது.
சேரும்போது கேட்காத கேள்வி.

காலியிடம்: 1.

பக்கத்தைப் புதுப்பித்தேன்.

காலியிடம்: 0.

இழுத்த மூச்சை நான் விட்டிருக்கவில்லை இன்னும்.
இருக்கையில் சூடு ஆறும்முன்
யாரோ உட்கார்ந்துவிட்டார்கள்.

தொலைபேசி. யாரென்று கேட்பதற்குள்
"கிடைச்சிருச்சு! இப்பத்தான், இந்த நிமிஷம்!
காத்திருப்புப் பட்டியலில் ஏழாவதா இருந்தேன்,
இனி நான் எதுவும் செய்யணுமா?"
தமிழிலேயே கேட்டாள், பரபரப்பில்
தன்னை மறந்து.
எந்தப் பாடம் என்று கேட்கலாம்.
நாக்கு நுனி வரை வந்தது.
இன்றைக்கு நூறு பாடங்களில்
நூறு இருக்கைகள் கைமாறியிருக்கும்.

மின்னஞ்சல் வந்ததா, என்றேன்.
வந்தது, என்றாள்.
நல்லது. ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை.